அழகன் நேர்ந்துகொண்ட முடி

1

இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல. வாட்ஸ்அப்பில் வந்தது.

இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் என்னோடு பள்ளிக்கூடம் படித்த பிரியந்தி, போன வருடம் ஒரு மத்தியானம் குரல் பதிவொன்று அனுப்பியிருந்தாள். பின்னணியில் யாரோ சிங்களத்தில் பெயர் கூப்பிடும் சத்தம். புற்றுநோய் ஆஸ்பத்திரி.

"அடியே, மருந்து ஏறிக்கிட்டு இருக்கு. சும்மாதானே கெடக்குறோம்னு ஒன் புது நாவலக் கொண்டாந்தேன். மூணாம் பக்கத்துலயே ஒன் கதாநாயகி வெயில்ல உக்காந்து முழங்கால் வரைக்கும் இருக்கிற முடிய ஒணத்துறா. மூடி வச்சிட்டேன். இந்த வார்டுல இருக்கிற எல்லார் தலையையும் சேத்தாலும் ஒரு சடை பின்ன முடியாதுடி. எனக்குன்னு ஒரு கதை எழுது. காதல் கதைதான் வேணும். ரெண்டே விசயம். கவ்வாத்து வரக்கூடாது. நான் சாகக்கூடாது."

இரண்டாவது எனக்கு உடனே புரிந்தது. முதலாவதுதான் இடித்தது.

(தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை வெறும் குச்சியாக நிற்கும்படி வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. பிறகு அது துளிர்க்கும். பிரியந்திக்கு முடி கொட்டத் தொடங்கியதிலிருந்து, பார்க்க வந்த அத்தனை பேரும் பிஸ்கட் பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு, "கவ்வாத்து வெட்டுன செடின்னு நெனச்சிக்கம்மா" என்றிருக்கிறார்கள். "நான் செடி இல்லன்னு எத்தன பேருகிட்டடி சொல்றது" என்பது அவள் கேள்வி. அந்த உவமையை நானும் கடைசிப் பந்திக்கென்று ஆசையாக எடுத்து வைத்திருந்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.)

இரண்டாவது நிபந்தனையை இங்கேயே நிறைவேற்றிவிடுகிறேன். போன மாதம் கிளினிக்கில் எல்லா ஸ்கேன் படங்களையும் பார்த்துவிட்டு, "இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும்" என்று அவளை அனுப்பிவைத்தார்கள். ஆகவே பயப்படாமல் படிக்கலாம். இந்தக் கதையில் பிரியந்தி பயந்தது சாவுக்கல்ல. வேறொன்றுக்கு.

2

முதல் தொடக்கம்:

பனி மூடிய மலைச்சரிவில், ஈரக் காற்றில் தன் நீண்ட கூந்தலை ஒரு கையால் ஒதுக்கியபடி

(வேண்டாம். பழக்கதோஷம்.)

இரண்டாவது தொடக்கம்:

அன்று காலை அவள் கண் விழித்தபோது தலையணையில் கற்றை கற்றையாக

(முடி கொட்டும் கதைகளெல்லாம் தலையணையில்தான் தொடங்குகின்றன. "உனக்கும் அப்படித்தானே தெரிஞ்சுது?" என்று பிரியந்தியைக் கேட்டேன். "இல்ல. ரொட்டியில" என்றாள்.)

மூன்றாவது தொடக்கம், இதுவே நிற்கட்டும்:

கல்யாணமான நாளிலிருந்து அழகனின் சாப்பாட்டில் எப்போதாவது பிரியந்தியின் தலைமுடி அகப்படும். அகப்படும்போதெல்லாம் அவர் அதை மெதுவாக உருவி, வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, "இன்னைக்கி என்ன, கயிறு போட்டு இழுக்கிற?" என்பார். மாமியார் ராசம்மா சிரிப்பார். பிரியந்தி, "உங்க முடி விழுந்தா கண்டுபிடிக்கவா முடியும்?" என்பாள். அழகனுக்குக் கல்யாணத்தின்போதே முன்னந்தலை வெறுமை. இப்போது இரண்டு காதுக்கும் மேலே கொஞ்சம், பிடரியில் கொஞ்சம்.

மருந்து தொடங்கிய பிறகு ஒரு காலை, ரொட்டியைப் பிய்த்தபோது உள்ளே நீளமாக மூன்று நான்கு முடிகள் வந்தன. அழகன் அவற்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ரொட்டியைத் தின்றார். கை கழுவினார். எதுவும் சொல்லவில்லை.

"முடி கொட்டப் போகுதுன்னு டாக்டர் முன்னமே சொல்லிட்டாருடி. அதுக்கு நான் அழல. அந்த மனுசன் கயிறு ஜோக்கு சொல்லலையே, அதுக்குத்தான் அழுதேன்."

3

இப்போது அழகனைப் பற்றி ஒரு சந்தேகம்.

என் நாவல்களில் கதாநாயகனுக்கு அழகன் என்று பெயர் வைத்ததில்லை. தலையில் முடியில்லாதவனுக்கு அப்படிப் பெயர் வைத்தால், எழுதுபவள் கிண்டல் செய்கிறாள் என்று நினைப்பார்கள். நிரஞ்சன் என்று மாற்றிவிடலாமா என்று அவரிடமே கேட்டேன். "அது யாரு? என் பொண்டாட்டியோட அவன எதுக்குச் சேக்குறீங்க?" என்றார். பெயர் அப்படியே இருக்கிறது.

அழகன் கொட்டகலை கடைவீதியில் ஆட்டோ ஓட்டுகிறார். பிரியந்தி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. இருவரும் சந்தித்த விதத்தை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் பதிப்பாளர் அதை அடித்து நீக்கியிருப்பார். கொட்டும் மழையில் பிரியந்தி அவர் ஆட்டோவில் ஏறினாள். இறங்கும்போது, பக்கவாட்டில் தொங்கும் மழைத்திரையின் கொளுவியில் அவள் சடை மாட்டிக்கொண்டது. அவர் இறங்கி வந்து நனைந்துகொண்டே அதை ஒவ்வொரு இழையாக எடுத்துவிட்டார். மறுநாளும் அதே ஆட்டோ. அதற்கடுத்த நாளும்.

ஆட்டோவில் ஓட்டுபவரின் தலைக்கு மேலே, பின்னால் இருப்பவரைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி இருக்குமல்லவா? அவர்கள் காதலித்தது முழுக்க அந்தக் கண்ணாடியில்தான். அவர் பார்ப்பார். அவள் பார்க்காததுபோல் பார்ப்பாள்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

4

முடி தாறுமாறாகக் கொட்டத் தொடங்கிய பிறகு ஒருநாள் பிரியந்தி சொன்னாள், "மொத்தமா மழிச்சிடலாங்க. சோறு, பாய், காம்பராப் பிள்ளைங்க சட்டை, எல்லாத்துலயும் முடி."

"திருவிழா வரைக்கும் இருக்கட்டும் புள்ள" என்றார் அழகன்.

"எதுக்கு?"

"இருக்கட்டும்."

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவைத்தான் சொன்னார். நாலு பேர் நடுவில் தான் மொட்டைத் தலையோடு பக்கத்தில் நின்றால் அவருக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று பிரியந்தி நினைத்துக்கொண்டாள். வலித்தது. ஆனாலும் பொறுத்தாள். பிறகு பொறுக்க முடியவில்லை. தலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாய் நின்றதைக் கண்ணாடியில் பார்க்க அவளுக்கே சகிக்கவில்லை. அழகன் தலவாக்கலைக்கு ஹயர், அதாவது சவாரி, போயிருந்த ஒரு பகலில், "அத்தை, எடுத்து விட்டுருங்க" என்று ராசம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

ராசம்மா பிளேடால் பதமாக எடுத்தார். எடுத்த முடியையும், அதுவரை கொட்டியதை அவள் சேர்த்து வைத்திருந்த பையையும் கொண்டுபோய், யார் கையிலும் அகப்படக் கூடாதென்று அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே ஓடும் ஆற்றில் விட்டுவிட்டு வந்தார்.

அழகன் திரும்பி வந்தார். மரக்கறிப் பையோடு வாசலில் நின்றார். அவர் கேட்ட முதல் கேள்வி: "முடி எங்க?"

"ஆத்துல விட்டுட்டேன்டா" என்றார் ராசம்மா.

அவர் பையைக் கீழே வைத்தார். வெளியே போய் ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஸ்டார்ட் பண்ணவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து பிரியந்தி வீட்டுக்குள்ளும் தலைத்துணியோடு இருந்தாள். தூங்கும்போதும் அதே துணி. அடுத்த முறை மருந்து ஏற்றப் போக, பஸ்ஸுக்காக ஹட்டன் வரைக்கும் அழகன் ஆட்டோவில் அழைத்துப் போனார். வழியில் அவள் வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடி கூரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

(இந்த இடத்தைப் படித்துவிட்டுப் பிரியந்தி அனுப்பிய குறிப்பு: "சோகமா எழுதிட்ட. நடுவுல நல்லதும் இருந்துச்சிடி. இந்த ஊர்ல ஒரு நாளாவது என் தலை முழுசாக் காஞ்சிருக்கா? வெள்ளிக்கிழமை முழுகினா திங்கக்கிழமை வரைக்கும் ஈரம். அடுப்புப் பொகையில காட்டிக் காட்டிக் கருவாட்டு வாடை. மொட்டைத் தலை தொடச்சா காஞ்சிருது. அதையும் எழுது." எழுதிவிட்டேன்.

இன்னொன்று: "பிள்ளைக்காம்பராவுல ஒரு நாளு துணி அவுந்து விழுந்திருச்சி. பிள்ளைங்க பயந்திருங்கன்னு பாத்தேன். ஒண்ணு கிட்ட வந்து, 'டீச்சர், உங்களுக்கும் காது குத்திட்டாங்களா'ன்னு கேட்டுச்சி. அதுங்களுக்கு மொட்டைன்னா காதுகுத்து, காதுகுத்துன்னா லட்டு. லட்டு எங்கன்னு கேட்டுச்சிங்க." லட்டு வாங்கிக் கொடுத்தாளாம்.)

5

இதுவரை எழுதிவிட்டு நான் மாட்டிக்கொண்டேன். அழகன் ஏன் கண்ணாடியைத் திருப்பினார் என்று எனக்குத் தெரியாது. அப்போது பிரியந்திக்கும் தெரியாது.

அ. அவருக்கு அருவருப்பு. (எழுதிப் பார்த்தேன். மழையில் நனைந்துகொண்டு சடையை இழை இழையாக எடுத்துவிட்ட மனிதர் இந்த வாக்கியத்துக்குள் நுழைய மறுத்தார்.)

ஆ. இன்னொரு பெண். (என் வாசகர்களுக்குப் பிடிக்கும். பிரியந்தியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இன்னொருத்தியா? அந்த மனுசனுக்கா? ஆட்டோவுக்கு டயர் மாத்தவே நேரமில்லாம திரியிறாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா ஏன்டி பாக்க மாட்டேங்கிறாரு? சுகமானா ஆகட்டும், ஆகாட்டிப் போகட்டும். அந்த மனுசன் என்ன ஒரு தடவ முழுசாப் பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.")

இ.

இ-யை வெறுமையாகவே விட்டுவைத்தேன். ஒரு மாதத்துக்குள் அதை நிரப்பியவர் நானல்ல. கோயில் பூசாரி சோலைமலை.

6

திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. அழகன் வாசலில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். பூசாரி லயம் லயமாகக் காப்புக் கட்டுகிறவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தவர், அவரைக் கண்டதும் நின்றார்.

"தம்பி, ஒங்க வீட்டு முடி காணிக்கை ஒண்ணு இருக்குல்ல? நாவிதன் வர்றான். தங்கச்சிய எத்தன மணிக்குக் கூட்டியாறீங்க?"

அழகனின் கையிலிருந்த வாளி சாய்ந்தது. பூசாரிக்குத் தேத்தண்ணியோடு வந்த பிரியந்தி படியிலேயே நின்றுவிட்டாள்.

"யார் முடி?"

பூசாரி அவளைப் பார்த்தார், தலைத்துணியைப் பார்த்தார், அழகனைப் பார்த்தார். "நீங்கதானே தம்பி சொன்னீங்க? தங்கச்சிக்கு ஆபரேசன் நடந்த அன்னைக்கி போன் பண்ணி, நல்லபடியா எந்திரிச்சு வந்தா அவ முடிய எறக்குறேன், அம்மன்கிட்ட சொல்லிருங்க சாமின்னு."

உள்ளேயிருந்து ராசம்மா வந்தார். "அடப்பாவி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஆத்துல விட்டிருப்பேனாடா?"

"என் முடிய நீங்க எப்படி நேந்துக்கலாம்?" என்றாள் பிரியந்தி. "உங்க தலை இருக்குல்ல, அத நேந்துக்க வேண்டியதுதானே?"

அழகன் தொப்பியைக் கழற்றினார். வெயிலில் அவர் தலை பளபளத்தது.

"இத வச்சு அம்மன ஏமாத்தச் சொல்றியா?"

முதலில் சிரித்தவர் பூசாரி. அடக்கப் பார்த்து, முடியாமல், தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டார். ராசம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரியந்தியும் சிரித்தாள். தேத்தண்ணி பாதி சிந்திவிட்டது.

அழகன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒன்னிய உள்ளுக்குக் கொண்டுபோயிட்டாங்க. நான் வெளிய நிக்கிறேன். எதையாவது குடுத்தாத்தான் நீ வருவேன்னு தோணுச்சி. எங்கிட்ட என்ன இருக்கு? நம்ம வீட்டுலயே ரொம்ப அழகா இருந்தது ஒன் சடைதான். அதச் சொல்லிட்டேன். மருந்துல முடியெல்லாம் போயிரும்னு டாக்டர் பொறகுதானே சொன்னாரு. சொன்னதக் குடுக்குறதுக்கு முந்தி ஆத்துல போயிருச்சி. ஒனக்குத் திரும்பவும் ஏதாவது வந்தா அது என்னாலதான். ஒன் தலையப் பாத்தா எனக்கு அது மட்டுந்தான் வருது."

வாளித் தண்ணீர் படியோரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப," என்றாள் பிரியந்தி, "அசிங்கமா இருக்குன்னு இல்லையா?"

"எது?"

"என் தலை."

"நான் இன்னும் சரியாப் பாக்கவே இல்லையே."

அவள் கோப்பையைப் பூசாரியின் கையில் கொடுத்தாள். தலைத்துணியை அவிழ்த்தாள். லயத்து வாசலில், பட்டப்பகலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க. "பாருங்க" என்றாள்.

அழகன் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். பக்கவாட்டில் போய் நின்று பார்த்தார், பின்னால் போயும் பார்த்தார்.

"இங்க, காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருக்கு" என்றார். "ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. அவளைப் பெற்றவளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. அவ்வளவு முடி இருந்தது அங்கே.

(இந்த இடத்தில் அழகன் அழுதார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பிரியந்தி அடிக்கச் சொன்னாள். "அழலடி. மூக்கு ஒழுகுச்சி. ஆட்டோ கழுவுன தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்." அடித்துவிட்டேன். நீங்கள் எதை நம்புவதானாலும் எனக்குச் சம்மதம்.)

7

என் மற்ற நாவல்களாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும். மச்சம், மாலை வெயில், சுபம்.

ஆனால் நேர்த்திக்கடன் அப்படியே நின்றது. "அம்மன் கத்தியில்லாமலே எடுத்துக்கிட்டா, விடுங்க தம்பி" என்றார் பூசாரி. அழகன் ஒப்புக்கொள்ளவில்லை. தானாகப் போனதைக் கொடுத்ததாக எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். "அப்ப மொளைக்கட்டும். அடுத்த வருசம் பாத்துக்கலாம். அம்மன் எங்க போயிறப் போறா?" என்று சொல்லிவிட்டுப் பூசாரி மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். அந்த ஒரு வாக்கியத்தில் அந்த வீட்டுக்குத் தூக்கம் திரும்பியது. அடுத்த வருடம் என்ற ஒன்று உண்டு என்று மருத்துவர்களைத் தவிர வேறொருவர், அதுவும் இத்தனை சாதாரணமாக, சொல்லிவிட்டாரே.

அந்த அடுத்த வருடம் வந்துவிட்டது.

மருந்து முடிந்து முடி முளைத்திருக்கிறது. முன்பு நேராக நீண்டு கிடந்தது, இப்போது விரல் நீளத்துக்குச் சுருள் சுருளாக நிற்கிறது. பிரியந்திக்கு அதன்மேல் அப்படியொரு பிரியம். பேசும்போதே ஒரு சுருளை விரலில் சுற்றிச் சுற்றி விடுகிறாள். ராசம்மா அதற்குத் தேங்காயெண்ணெய் காய்ச்சுகிறார். ரொட்டியில் ஒருநாள் குட்டியாக ஒரு முடி அகப்பட்டது. அழகன் அதை வெளிச்சத்தில் பிடித்து, "கயிறு கட்டையாப் போச்சே" என்றாராம். அன்று மாலையே எனக்குக் குரல் பதிவு வந்தது. பதிவு முழுக்கச் சிரிப்புத்தான். வார்த்தையே இல்லை.

நாளைக்குத் திருவிழா.

8

முடிவு ஒன்று: பிரியந்தி கோயிலுக்குப் போகிறாள். நாவிதர் முன்னால் உட்காருகிறாள். சுருள்கள் மடியில் விழுகின்றன. இந்த முறை எடுப்பது மருந்தல்ல, கொடுப்பது அவள். அவள் முகத்தில்

(அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுருள் முடியை அவள் விரலில் சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன்.)

முடிவு இரண்டு: பிரியந்தி கொடுக்கவில்லை. அவளுக்குப் பதிலாக அழகன் உட்காருகிறார். காதுக்கு மேல் இருப்பதையும் பிடரியில் இருப்பதையும் எடுக்க நாவிதருக்கு

(மனைவிக்காகக் கணவன் மொட்டை போடுவது எல்லாருக்கும் பிடித்த முடிவு. இங்கே நகைச்சுவையாகிவிடும். அம்மனை ஏமாற்ற மாட்டேன் என்று அவரே சொல்லியுமிருக்கிறார்.)

முடிவு மூன்று: ஒரே ஒரு சுருளை வெட்டிக் கொடுத்தால் போதுமென்று பூசாரி

(இது வழக்குப் பேசித் தீர்ப்பதுபோல் இருக்கிறது.)

என்ன செய்வதென்று தெரியாமல் அழகனுக்கே போன் எடுத்தேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். ஹயருக்கு நின்ற இடத்தில் இருந்தார். பின்னால் பஸ் ஹாரன்.

"அவ தலைங்க அது. ஒரு தடவ கேக்காமச் சொல்லிட்டு ஒரு வருசம் பட்டேன். இனி வாயத் தொறக்க மாட்டேன். நீங்களும் தொறக்காதீங்க."

போனை வைத்துவிட்டு, எழுதிவைத்த மூன்று முடிவுகளையும் திரும்பப் பார்த்தேன். மூன்றிலும் நான் செய்திருந்தது ஒன்றுதான். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நின்று அழகன் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். அவர் செய்தது அன்பினாலும் பயத்தினாலும். நான் செய்தது ஒரு நல்ல கடைசிப் பக்கத்துக்காக.

பிரியந்தியையே கேட்டேன். "நாளைக்கு என்னடி செய்யப் போற?"

"விடியட்டும்" என்றாள். குரலில் ஒரு கலக்கமும் இல்லை. "எது செஞ்சாலும் இந்தத் தடவ நான் சொல்லித்தான்."

ஆகவே எனக்கு அனுமதியுள்ள இடம் வரைக்கும்தான் எழுதுகிறேன்:

காலையில் லயத்து வாசலில் ஆட்டோ நிற்கிறது. புதுச் சேலையில், தலையில் துணியில்லாமல், பிரியந்தி பின்னால் ஏறிக்கொள்கிறாள். அழகன் கையை உயர்த்திக் கண்ணாடியைச் சரியாக்குகிறார், அவள் முகம் முழுசாகத் தெரியும்வரை. இடது பக்கம் போனால் கோயில். வலது பக்கம் போனால் கொட்டகலை கடைவீதி. அங்கே அவள் ஆசைப்பட்ட பூ கிளிப் ஒன்று தொங்குகிறது, குட்டை முடிக்கானது. அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, புது ஆளிடம் கேட்பதுபோல் கேட்கிறார்:

"எங்கங்க போகணும்?"

பிரியந்தி சொல்கிறாள்

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அவள் சொல்லி முடித்திருப்பாள். எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்று உங்களுக்கும் ஓர் ஆசை இருக்கும். எனக்கும் இருக்கிறது. வைத்துக்கொள்வோம். அவளைக் கேட்காமல் அவள் தலைமேல் மட்டும் நேர்ந்துகொள்ள வேண்டாம்.